நேற்றுக்கு அப்புறம் வினை: வீடியோ பார்த்து ஜெர்மன் இலக்கணம் படித்த ஒரு செவிலியர்

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியர் ஒருவர் போன வருடம் என்னிடம் ஜெர்மன் படிக்க வந்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வார்டில் எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான். இந்த ஆய்விலும் அவர் சிஸ்டர்தான்.

முதல் நாள் அவர் செய்த முதல் காரியம், மொபைலைத் திறந்து யூடியூபில் தான் சேர்த்து வைத்திருந்த வீடியோப் பட்டியலைக் காட்டியது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. டாட்டிஃப் என்ற ஜெர்மன் வேற்றுமை பற்றி மட்டும் ஏழெட்டு ஆசிரியர்கள். பெயரடை விகுதிகளுக்கு, அதாவது புது, பழைய போன்ற சொற்களின் முடிவு மாறும் விதிகளுக்கு, இன்னும் அதிகம். "எல்லாம் பாத்துட்டேன் மேடம், சிலதை ரெண்டு தடவை" என்றார். சொன்னது உண்மைதான். எந்த விதியைக் கேட்டாலும் சொன்னார். இடத்தைக் குறிக்கும், இரண்டு வேற்றுமைகளோடு மாறி மாறி வரும் ஒன்பது முன்னிடைச்சொற்களையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

சரி என்று ஒரே ஒரு வாக்கியம் கேட்டேன். "நேற்று நான் ஒரு புது போன் வாங்கினேன். இதை ஜெர்மனில் சொல்லுங்க சிஸ்டர்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "கெஸ்டர்ன் இஷ் ஹாபெ ஐன் நொயெஸ் ஹாண்டி கெகௌஃப்ட்" என்றார்.

பெயரடை விகுதி சரி, பால் சரி, இறந்தகால வடிவம் சரி. தப்பு ஒரே இடத்தில்தான். "நேற்று" என்று தொடங்கினால் அடுத்த இடத்தில் வினை வர வேண்டும்: "கெஸ்டர்ன் ஹாபெ இஷ்..." இது ஜெர்மன் வகுப்பின் ஆரம்பத்திலேயே வரும் விதி. அதைப் பற்றியும் அவரிடம் வீடியோக்கள் இருந்தன. நான் சுட்டிக்காட்டியதும் நெற்றியில் தட்டிக்கொண்டு விதியை எனக்கே அழகாக விளக்கினார். அடுத்த வாக்கியத்தில் அதே தப்பைத் திரும்பச் செய்தார்.

பின்னணி

அவருக்கு ஜெர்மன் ஆசைக்குப் படிக்கிற மொழி இல்லை. ஜெர்மனியில் செவிலியராக முழு அங்கீகாரம் பெற பெரும்பாலும் பி2 அளவு மொழித்திறன் கேட்கிறார்கள். மொழித்திறன் படிகள் ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறிக்கொண்டே போகும். பி2க்கு முன்படி பி1. ஏ1, ஏ2 இரண்டையும் ஒரு பயிற்சி மையத்தில் அவசர அவசரமாக முடித்திருக்கிறார். ஒரு பாடம் புரிவதற்குள் அடுத்ததற்குப் போய்விடுவார்களாம். அந்த ஓட்டைகளை அடைக்கத்தான் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். நைட் டூட்டி முடித்து வந்து, பஸ்ஸில், சாப்பிடும்போது என்று கிடைத்த நேரமெல்லாம் பார்த்தார். அந்த உழைப்பை நான் ஒரு துளியும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி1 தேர்வில் நான்கு பகுதிகள்: வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், 60 எடுத்தால் தேர்ச்சி. தவறிய பகுதியை மட்டும் தனியாகத் திரும்ப எழுதலாம். சிஸ்டர் வாசித்தலிலும் கேட்டலிலும் தேறிவிட்டார். எழுதுதலிலும் பேசுதலிலும் 60ஐத் தொடவில்லை. வீடியோ அவருக்கு என்ன கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பது அந்த மதிப்பெண் தாளிலேயே இருந்தது. உள்ளே போனதெல்லாம் நன்றாகப் போயிருந்தது. வெளியே வரும் வழிதான் திறக்கவே இல்லை.

பார்த்தால் வருமா?

2018இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டஸ், ஓப்ரையன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தட்டுகள் அடுக்கிய மேசையிலிருந்து துணியை மட்டும் வெடுக்கென்று உருவும் வித்தையை வீடியோவில் காட்டினார்கள். சிலர் ஒரு முறை பார்த்தார்கள், சிலர் 20 முறை. அதிகம் பார்த்தவர்களுக்கு "என்னாலும் முடியும்" என்ற நம்பிக்கை ஏறியது. இன்னும் சில வித்தைகளைக் காட்டிவிட்டு, பார்த்தவர்களையே செய்யச் சொன்னபோது, நம்பிக்கை ஏறிய அளவுக்குத் திறமை ஏறவில்லை. சிஸ்டர் டாட்டிஃப் வீடியோவை இரண்டாம் முறை பார்த்தபோது அவருக்கு நடந்ததும் இதுதான் என்பது என் எண்ணம். நல்ல ஆசிரியர் தெளிவாகச் சொல்லச் சொல்ல, அந்தத் தெளிவு நம்முடையது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இன்னொரு ஆய்வு இதைவிட நெருக்கமானது. கனடாவில் பள்ளிப் பாடங்களையே பிரெஞ்சில் படித்த ஆங்கிலக் குழந்தைகளைக் கவனித்த மெரில் ஸ்வேன் 1985இல் ஒன்றை எடுத்துச் சொன்னார். வருடக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் வந்த பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் பின்தங்கியே இருந்தது. கேட்கும்போது பொருள் பிடிபட்டால் போதும், விகுதியைக் கவனிக்காமலே தாண்டிவிடலாம். சொந்தமாக ஒரு வாக்கியத்தைச் சொல்ல முயலும்போதுதான் தெரியாத இடம் தட்டுப்படும்.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் சிஸ்டருக்கான திட்டத்தைப் போட்டேன். வீடியோவை விடச் சொல்லவில்லை. அவர் வேலை நேரத்துக்கு வேறு எதுவும் ஒத்துவராது. நைட் டூட்டி மாறி மாறி வருகிறவர் எந்த வகுப்புக்குத் தவறாமல் போக முடியும்?

நிறுத்தும் இடம்

முதலில் பட்டியலைக் குறைத்தோம். ஒரு வாரத்துக்கு ஒரு இலக்கணம், அதற்கு ஒரே வீடியோ, அதுவும் 10 நிமிடத்துக்குள். மற்றதையெல்லாம் நீக்கச் சொன்னபோது அவருக்கு மனசே வரவில்லை. "இருக்கட்டுமே மேடம்" என்றார். கடைசியில் வேறொரு பட்டியலுக்கு மாற்றிவிட்டு, அதை நான் சொல்லும்வரை திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

அப்புறம் முக்கியமான வேலை. விளக்க வீடியோவில் ஆசிரியர் ஓர் எடுத்துக்காட்டைத் தொடங்கி, கோடிட்ட இடத்தைக் காட்டி, ஒரு நொடி இடைவெளி விட்டுப் பதிலைச் சொல்வார். அந்த ஒரு நொடியில்தான் படிப்பே இருக்கிறது. சிஸ்டர் இத்தனை நாளாக அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தார். இனி அந்த இடத்தில் வீடியோவை நிறுத்த வேண்டும். பதிலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நோட்டில் எழுத வேண்டும், அதன் பிறகுதான் ஓட விட வேண்டும். வீடியோ முடிந்ததும் அதே விதியில் தன் வார்டைப் பற்றி மூன்று வாக்கியம் சொந்தமாகச் சொல்லி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்ப வேண்டும்.

ஆறு நிமிட வீடியோவுக்கு 25 நிமிடம் ஆகிறது என்று முதல் வாரமே சொன்னார். அவ்வளவு ஆகத்தான் வேண்டும் என்றேன்.

எதிலிருந்து தொடங்குவது என்பதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். ஜெர்மனிக்கு வேலைக்குப் போன இத்தாலிய, ஸ்பானிய, போர்த்துகீசியத் தொழிலாளர்கள் பள்ளிக்குப் போகாமலே ஜெர்மன் கற்றதை 1970களின் இறுதியில் ஓர் ஆய்வுக் குழு பின்தொடர்ந்தது. சொல்வரிசை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே படிவரிசையில் வந்ததாகக் கண்டார்கள். முதலில் எழுவாய், வினை, செயப்படுபொருள். அப்புறம் "நேற்று", "அங்கே" போன்ற சொல்லை முன்னால் வைப்பார்கள், வினை மட்டும் இடம் மாறாது. அதற்கடுத்து "ஹாபெ... கெகௌஃப்ட்" என்று வினை இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி கடைசிக்குப் போகும். அதன் பிறகே வினை எழுவாய்க்கு முன்னால் நகரும். துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவது எல்லாவற்றுக்கும் பின்னால். அந்தக் குழுவில் இருந்த மான்ஃப்ரெட் பீனமன், அடுத்து இத்தாலியக் குழந்தைகளுக்கு வினை நகரும் விதியை நேரடியாகக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார். அதற்கு முந்தைய படியில் நின்ற பிள்ளை பிடித்துக்கொண்டது. அதற்கும் கீழே நின்ற பிள்ளைக்கு ஒட்டவில்லை.

சிஸ்டரின் போன் வாக்கியத்தை இதில் வைத்துப் பாருங்கள். "நேற்று" முன்னால் வந்துவிட்டது, வினை இரண்டாகப் பிரிந்துவிட்டது, நகரவில்லை. சரியாக அடுத்த படியின் வாசலில் நிற்கிறார். அதனால் பெயரடை விகுதிகளை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று வாரம் இது ஒன்றை மட்டும் எடுத்தோம். ஒவ்வொரு வாக்கியத்தையும் நேரம் அல்லது இடத்தில் தொடங்க வேண்டும். காலையில், டூட்டி முடிந்ததும், ஐந்தாம் படுக்கையில், டாக்டர் வந்த பிறகு. வாக்கியத்தில் இரண்டாவது நாற்காலி வினைக்கு ஒதுக்கியது, வேறு யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லி வைத்தேன். இரண்டாம் வாரக் குரல் பதிவுகளில் அவரே பாதியில் நிறுத்தித் திருத்திக்கொள்வது கேட்டது. "ஹொய்டெ இஷ்... இல்ல, ஹொய்டெ ஹாபெ இஷ்." ஹொய்டெ என்றால் இன்று. மூன்றாம் வார முடிவில் அந்த "இல்ல" குறைந்துவிட்டது.

ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போவது

நான் அதிகம் யோசித்தது இந்த விஷயத்தைத்தான். அவர் பார்த்தவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் விளக்கும் வீடியோக்கள். ஜெர்மன் வேற்றுமையை ஆங்கிலத்தில் விளக்குகிற ஆசிரியர், வேற்றுமை உருபே அநேகமாக இல்லாத ஒரு மொழிக்காரருக்கு விளக்குகிறார். அதற்காகப் படம் வரைகிறார், அம்புக்குறி போடுகிறார், வண்ணம் தீட்டுகிறார். தமிழருக்கு இவ்வளவு வேண்டியதில்லை. நம் மொழியில் வேற்றுமை எட்டு. பள்ளியிலேயே படித்திருக்கிறோம்.

தலை வலிக்கிறது என்பதை ஜெர்மனில் "மீர் டூட் டேர் கொப்ஃ வே" என்பார்கள். சொல்லுக்குச் சொல் எனக்குத் தலை வலிக்கிறது. குளிருகிறது என்பதற்கு "மீர் இஸ்ட் கால்ட்", எனக்குக் குளிருது. ஆங்கிலம் வழியாக வந்த சிஸ்டர் "இஷ் பின் கால்ட்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிச் சொன்னால் நான் மனதில் ஈரமில்லாத ஆள் என்று பொருள் போய்விடும். உதவு என்ற வினைக்கு ஜெர்மனில் டாட்டிஃப். ஆங்கில வீடியோவில் இதை விதிவிலக்கு என்று சொல்லி மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். நமக்கு இதில் என்ன விலக்கு இருக்கிறது? நோயாளிக்கு உதவுகிறேன். பிடித்திருக்கிறது, சொந்தமானது, பதில் சொல் எல்லாமே இப்படித்தான், எனக்கு, உனக்கு, அவருக்கு.

இதைச் சொன்ன அன்று சிஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இதை முதல்லயே யாராவது சொல்லியிருந்தா அந்த லிஸ்ட்டை நான் மனப்பாடம் பண்ணியிருக்கவே மாட்டேன் மேடம்" என்றார்.

ஆனால் இந்தக் குறுக்கு வழியிலும் குழி உண்டு. அதில் அவரை விழ வைத்தது நான்தான். "கு" வந்தால் டாட்டிஃப் என்று அவர் எடுத்துக்கொண்டார், நானும் அப்போது தடுக்கவில்லை. அடுத்த வாரம் வந்த குரல் பதிவில் "இஷ் கேஹெ இம் க்ராங்கன்ஹௌஸ்" என்றிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்பதில் கு இருக்கிறதே! ஜெர்மனில் ஓர் இடத்துக்குள் போவதற்கு அக்குஸாட்டிஃப் (நம் ஐ உருபு போன்ற வேற்றுமை), "இன்ஸ் க்ராங்கன்ஹௌஸ்". அங்கே இருப்பதற்குத்தான் டாட்டிஃப், "இம் க்ராங்கன்ஹௌஸ்". போன் பண்ணுவதும் அப்படியே. தமிழில் உனக்கு போன் பண்ணுகிறேன், ஜெர்மனில் உன்னை. அன்றிலிருந்து அவர் நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, தமிழோடு ஒத்துப்போகிற வினைகள் இடப்பக்கம், ஒத்துப்போகாதவை வலப்பக்கம் என்று எழுத ஆரம்பித்தார். வலப்பக்கம் சின்னதாகவே இருந்தது. மனப்பாடம் அதற்கு மட்டும் போதுமானதாக இருந்தது.

இன்னொரு தப்பு எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்தது. எத்தனை முறை சொன்னாலும் "எனக்கு ஒரு மேசை வேண்டும்" என்ற பொருளில் "இஷ் ப்ரௌஹெ ஐன் டிஷ்" என்றே எழுதுவார். மேசை ஜெர்மனில் ஆண்பால், அதனால் "ஐனென் டிஷ்" என்று வர வேண்டும். ஆனால் "டேன் டிஷ்", அந்த மேசையை, என்பதில் தப்பே வராது. ஏன் ஒன்றில் மட்டும்? ஒரு நாள் தமிழில் சொல்லிப் பார்த்தபோது பிடிபட்டது. மேசை வாங்கினேன் என்போம், அந்த மேசையை வாங்கினேன் என்போம். குறிப்பிட்ட பொருளாக இல்லாதபோது ஐ உருபு மறைந்துவிடுகிறது. பள்ளியில் இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று படித்தது இதுதான். சிஸ்டருக்கு உடனே "பால் குடித்தான்" ஞாபகம் வந்துவிட்டது. ஜெர்மன் ஆண்பாலில் அந்தத் தொகைக்கு இடம் கிடையாது, உருபு விரிந்தே வரும் என்றேன். நான் பார்த்த ஆங்கில விளக்க வீடியோ எதிலும் இந்தத் தப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருக்கவும் நியாயமில்லை. அது தமிழர் செய்கிற தப்பு.

தமிழிலேயே ஜெர்மன் சொல்லித்தரும் வீடியோக்களும் இப்போது நிறைய வருகின்றன. நான் பார்த்தவரை அவற்றில் பல, ஆங்கில விளக்கத்தை அப்படியே எடுத்துத் தமிழில் சொல்கின்றன. தமிழ் இலக்கணத்தைக் கையில் எடுத்தால் பாதி வேலை மிச்சமாகும். அதைச் செய்கிறவர்கள் பெருக வேண்டும் என்பது என் உண்மையான ஆசை.

கதையும் தெருவும்

ஆறாம் வாரத்திலிருந்து விளக்க வீடியோவோடு வேறு வகையையும் சேர்த்தோம். டாய்ச்ச வெல்ல என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் இலவசமாகத் தரும் நிகோஸ் வேக் என்ற தொடரில், ஸ்பெயினிலிருந்து ஜெர்மனிக்கு வந்து இறங்கும் நிகோ என்ற இளைஞனின் கதை சின்னச் சின்னப் பகுதிகளாக ஏ1இலிருந்து பி1 வரை போகிறது. சிஸ்டர் அதை முன்பே பார்த்திருந்தார், கதையாக. இந்த முறை ஒரு பகுதியை மூன்று முறை பார்த்தார். முதலில் எழுத்து இல்லாமல், அப்புறம் ஜெர்மன் எழுத்தோடு, மூன்றாவதாக ஒவ்வொரு வசனத்திலும் வினை எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்து.

ஈஸி ஜெர்மன் சேனலில் தெருவில் போகிறவர்களை நிறுத்திப் பேட்டி எடுப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஸ்டரிடமிருந்து நான்கு நொடித் துண்டு ஒன்று வந்தது. கூடவே ஒரு கேள்வி: "மேடம், இந்தப் பொண்ணு வைல் சொல்லிட்டு வினையைக் கடைசியில போடலையே, தப்பா பேசறாங்களா?" வைல் என்றால் ஏனென்றால். அதற்குப் பின் வினை கடைசிக்குப் போக வேண்டும் என்பதுதான் பாடம். ஆனால் ஜெர்மானியர் பேச்சில் வைலுக்குப் பின் சில சமயம் சாதாரண வரிசையிலேயே தொடர்வதுண்டு. எழுத்தில் அப்படி எழுதினால் தேர்வில் பிழை. நான் பதில் சொன்னேன், ஆனால் என் மனம் கேள்வியிலேயே நின்றது. நூறு வீடியோ பார்த்தபோது அவர் காதில் விழாத ஒன்று இப்போது விழுகிறது. வைலுக்குப் பின் வினை எங்கே என்று அவர் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். வரவில்லை என்றதும் திடுக்கிட்டிருக்கிறார்.

எதற்கு வீடியோ உதவவில்லை

பெயர்ச்சொற்களின் பாலுக்கு. தமிழில் பால் பொருளை வைத்து வருவது, ஜெர்மனில் சொல்லோடு ஒட்டிப் பிறந்தது. ஊங், ஹைட், கைட் என்று முடிந்தால் பெண்பால், ஷென் என்று முடிந்தால் ஆணும் பெண்ணும் அல்லாத நடுப்பால் என்பதுபோலச் சில அடையாளங்கள் உண்டு. மற்றதைப் பழகித்தான் ஆக வேண்டும். சிஸ்டர் வீட்டில் வைத்திருந்த முதலுதவிப் பெட்டியில் மூன்று பாலுக்கும் மூன்று நிற நாடா ஒட்டினார். கட்டுத்துணிக்கு நீலம், ஊசிக்குச் சிவப்பு, பிளாஸ்திரிக்குப் பச்சை. எந்த வீடியோவும் செய்யாததை அந்தப் பெட்டி செய்தது.

பெயரடை விகுதியும் பெரிதாக முன்னேறவில்லை. அட்டவணைகளில் மொத்தம் 48 கட்டங்கள். அதில் டேர், டீ, டாஸ் (ஆங்கிலத்தின் "தி" போன்றவை) வரும் 16 கட்டங்களை மட்டும் எடுத்து, ஐந்தில் "எ" விகுதி, மீதி 11இல் "என்" விகுதி என்று பிடித்துக்கொண்டோம். மற்றவை பிறகு.

என்ன ஆனது

14 வாரம் கழித்து எழுதுதலையும் பேசுதலையும் திரும்ப எழுதினார். எழுதுதலுக்கு 60 நிமிடத்தில் மூன்று வேலை: நண்பருக்கு ஒரு மின்னஞ்சல், ஒரு கருத்து, முறையான சின்னக் கடிதம் ஒன்று. இரண்டு பகுதியிலும் 60ஐத் தாண்டினார். பேசுதலில் நல்ல இடைவெளியோடு, எழுதுதலில் கொஞ்சமாக.

இதில் வீடியோவின் பங்கு எவ்வளவு, நான் திருத்தியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒருவரை வைத்துச் செய்த ஆய்வு இது. குரல் பதிவை யாரும் கேட்டுத் திருத்தாமல், நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது மட்டும் இந்த அளவுக்கு உதவியிருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் இரண்டு முறையும் அவர் பார்த்தது ஏறக்குறைய அதே ஆசிரியர்களின் அதே வீடியோக்கள்தான். இரண்டாம் முறை அவற்றுக்கு நடுவில் அவர் குரலும் இருந்தது.

இப்போது பி2 போய்க்கொண்டிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு ஒரு பதிவு வந்தது, பின்னால் பஸ் சத்தத்தோடு. "கெஸ்டர்ன் ஹாட்டெ இஷ் நாஹ்ட்டீன்ஸ்ட், வைல் மைனெ கொலேகின் க்ராங்க் வார்." நேற்று எனக்கு நைட் டூட்டி, கூட வேலை பார்ப்பவருக்கு உடம்பு சரியில்லாததால். நேற்றுக்கு அடுத்து வினை, வைலுக்குக் கடைசியில் வினை, நடுவில் ஒரு தயக்கமும் இல்லை. அதற்கடுத்த வாக்கியத்தில் இரவு முழுக்கப் பார்த்துக்கொண்ட ஒரு வயதான மனிதரைப் பற்றிச் சொல்லும்போது "ஐனென் ஆல்ட்டெஸ் மான்" என்றார். "ஆல்ட்டென்" என்று வர வேண்டும். ஆனால் "ஐனென்" தவறாமல் வந்துவிட்டது. ஆல்ட்டென்னுக்கு ஆறு நிமிட வீடியோ ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்றும் குறித்துவிட்டேன்.